குற்றாலத்துக் கூன்வண்டும் எங்கள் கூன்வண்டும்

எங்கள் ஆய்வுக் கட்டுரையை மதிப்பிட்ட நிபுணர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "குற்றாலம் மலையிலிருந்து முன்பொரு காலத்தில் விவரிக்கப்பட்ட கூன்வண்டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" நாங்கள் பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இலங்கையிலிருந்து தென்காசிக்கு வந்து இறங்கினேன்.

கூன்வண்டு பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அரிசி மூட்டையில் ஊரும் சின்னக் கறுப்பு வண்டுக்கு உறவுக்காரன். முகம் முன்னால் நீண்டு, யானைத் தும்பிக்கைபோல வளைந்திருக்கும். எங்கள் வண்டு சிங்கராஜக் காட்டில், விழுந்து உக்கிய கிளை ஒன்றின் அடியில் இருந்தது. கண்டெடுத்தவள் என்னோடு வேலை செய்யும் டிலினி. உழுந்தின் அளவு, பழுப்பு முதுகில் இரண்டு வெள்ளைப் பொட்டு. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று நிரூபிக்க, பெயர் வைக்கப்பட்ட எல்லா உறவுக்காரர்களோடும் ஒப்பிட்டு, இது அவர்களில் ஒருவரும் இல்லை என்று காட்ட வேண்டும். ஒருவரை விட்டுவிட்டோம். அந்த ஒருவரைப் பற்றி உலகில் இருப்பது நான்கு வரி லத்தீன், படம்கூடக் கிடையாது. அப்போது பிடித்த வண்டும் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் தொலைந்துபோய்விட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எங்கள் வண்டு புதியது இல்லை. பழைய பெயரே அதன் பெயர்.

டிலினிதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ஏழாம் மாதம், இரத்த அழுத்தம் கூடியிருந்தது. படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புறப்படும் அன்று வாசல்வரை வந்த அவள் கணவன் ருவன், சிங்களத்தில், தணிந்த குரலில் சொன்னான்: "முடிவு கெட்டதாக இருந்தால் குழந்தை பிறக்கும்வரை அவளிடம் சொல்லாதீர்கள், அக்கா." நான் தலையாட்டினேனா இல்லையா என்பது எனக்கே நிச்சயமில்லை.

தென்காசியில் காற்று இருந்தது. மழை என்றும் சொல்ல முடியாத, வெயில் என்றும் சொல்ல முடியாத ஒன்று முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. சாரல் என்றார்கள். ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற பெண் என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கால்வைக்கும் இடத்தில் வைத்தாள். பீர் பாத்திமா, விலங்கியல் விரிவுரையாளர். குற்றால மலையடிவாரத்தில் கூன்வண்டு சேகரித்தவர் என்று நான் தேடிக் கண்டுபிடித்த ஒரே ஆள். கணவர் சவுதியில். மெயிலில் "மதிப்புக்குரிய முனைவர் சுகந்தி அவர்களுக்கு" என்று எழுதியவள், நேரில் முதல் வார்த்தையிலேயே அக்கா ஆக்கிவிட்டாள்.

"ஏறுங்கக்கா. நல்லாப் பிடிச்சுக்கிடுங்க, நான் கொஞ்சம் வேகமாத்தான் போவேன்."

"மெதுவாப் போங்கோ, எனக்குப் பயம்."

"உங்க தமிழ் கேக்க அழகா இருக்குக்கா" என்றாள், வேகத்தைக் குறைக்காமல்.

கல்லூரி ஆய்வகத்தில் அவள் மரப்பெட்டியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசம் வர வேண்டிய இடத்தில் பூஞ்சை வாசம் வந்தது. ஊசிகள் வரிசையாக நின்றன. பல ஊசிகளில் ஒன்றுமே இல்லை, அடியில் மாவுபோல ஒரு தூசி மட்டும். மழைக்காலத்தில் பெட்டியின் விளிம்பு உப்பி, இடுக்கு வழியாகப் பூச்சி உள்ளே போயிருக்கிறது. செத்த பூச்சியைத் தின்னும் பூச்சி.

பாத்திமா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கடைசி வரிசையில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். "பாருங்கக்கா. நான் கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அலைஞ்சு பிடிச்சது."

நான் கண்ணை வைத்தேன். அந்த நான்கு வரி லத்தீன் சொன்னபடியே பழுப்பு முதுகு. இரண்டு வெள்ளைப் பொட்டு. என் மடிக்கணினியில் இருந்த படத்தைப் பார்த்தேன், மறுபடி வண்டைப் பார்த்தேன். எங்கள் வண்டை இலங்கையைவிட்டுக் கொண்டுவர எனக்கு அனுமதி இல்லை. படங்களும் வரைபடங்களும்தான் என்னிடம் இருந்தன. எத்தனை தடவை மாறி மாறிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை.

"பொம்பளை இது" என்றாள் பாத்திமா. "ஆம்பளை இருந்தாத்தான் முடிவு சொல்ல முடியும்."

அது உண்மை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இனங்களை ஆண் வண்டின் உள்ளுறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் வேறுபடுத்துவோம். அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். எங்கள் ஆணுக்கு நுனியில், இடப்பக்கம் மட்டும், ஒரு சின்னக் கொக்கி உண்டு. பாத்திமாவின் ஆண்கள் எல்லாம் தூசியாகியிருந்தன.

அன்று மத்தியானம் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சொதி இருக்கிறது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அந்தச் சொல் போதும். காலை இடியப்பத்துக்கு ஊற்றும் இளமஞ்சள் தண்ணிப்பாலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது வேறு. காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுக் கெட்டியாக, சோற்றுக்கு ஊற்ற, கூடவே இஞ்சித் துவையல். ருசிதான், ஆனால் சொதி இல்லை. பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு, இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பாத்திமாவுக்குப் பரீட்சை வேலை. சும்மா இருக்க முடியாமல் குற்றாலம் போய் அந்த மலையையாவது பார்த்து வருவோம் என்று பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் ருவனிடமிருந்து செய்தி: "அழுத்தம் இன்றைக்கும் குறையவில்லை. அவள் உங்களிடம் கேட்டால் எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள்." அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன பதில் எழுதினாலும் பொய்யாகத் தோன்றியது. எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்ததில் குற்றாலமும் செங்கோட்டையும் கடந்து போனது தெரியவில்லை. பஸ் நின்று எல்லோரும் இறங்கினார்கள். லாரிகள் நீளமாக நின்றன, டிரைவர்கள் மலையாளத்தில் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது குற்றாலமா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"குற்றாலமா? புளியறைம்மா இது. இதத் தாண்டுனா கேரளா."

சோதனைச் சாவடிப் பக்கம் நின்று திருதிருவென்று முழிக்கும் பெண்ணைப் போலீஸ்காரர் கவனிக்காமல் இருப்பாரா. நரைத்த மீசை, நிதானமான நடை.

"எங்கன இருந்து வாரீய?"

"இலங்கையிலயிருந்து."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் நினைவு வந்தது. பாஸ்போர்ட் விடுதி அறையில், பெட்டிக்குள் இருந்தது. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். அடையாள அட்டை இல்லாமல் வெளியே போகாதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், இங்கே வந்து மறந்திருக்கிறேன். போனில் பாஸ்போர்ட்டின் படம் இருக்கிறது என்று தேடினேன். அவசரத்தில் போட்டோக்கள் எல்லாம் திறந்துகொண்டன. அவர் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பூரா வண்டாவுல்லா இருக்கு."

"நான் வண்டு ஆராய்ச்சி செய்யிறனான் ஐயா."

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பி, மூக்கு நீண்ட ஒன்றைக் காட்டி, "இது தென்னைக்கு வரும்லா?" என்றார்.

"இது வராது. இதின்ட சொந்தக்காரன் ஒண்டு வரும். சிவப்பா, பெரிசா."

"அதான், அதேதான். எங்க வயக்காட்டுல நல்லாக் காய்ச்சுக்கிட்டிருந்த மரத்துல தலையே சாஞ்சு போச்சு. என்ன செய்யுறதுன்னே தெரியல."

சோதனைச் சாவடி வாசலில் நின்று, குருத்தில் ஓட்டை இருக்கிறதா, அடிமரத்தில் காது வைத்தால் கறுக்முறுக்கென்று சத்தம் கேட்கிறதா என்று நான் கேட்க, அவர் பதில் சொல்ல, வண்டை இழுக்கும் வாளிப்பொறியை எப்படி வைப்பது என்று பேச்சு நீண்டது. கடைசியில் பாஸ்போர்ட் படத்தையும் விசாவையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, "அசலை எப்பவும் கையில வச்சுக்கிடுங்கம்மா" என்றார். எதிர்க்கடையில் பரோட்டா சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். சால்னாவின் காரத்தில் கண்ணீர் வந்தது வசதியாகப் போயிற்று. திரும்பும் பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டு, "அம்மாவத் தென்காசில பாத்து எறக்கி விடுலே" என்று கண்டக்டரிடம் சொன்னார்.

அடுத்த நாள் ஐந்தருவிக்கு மேலே ஒரு பழத்தோட்டம். பாத்திமா முதலில் வண்டு பிடித்த இடம். மங்குஸ்தானும் டுரியானும் ரம்புட்டானும் எங்கள் தெற்கு மாகாணத்தைப் போலவே நின்றன. ஈரமும் உக்கல் வாசமும்கூட அதேதான். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். காடு இவ்வளவு ஒன்றாக இருந்தால் வண்டும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"நீங்க தொடக் கூடாதுக்கா. பாக்க மட்டும்தான்" என்று பாத்திமா மறுபடி நினைவூட்டினாள். அனுமதி அவள் கல்லூரிக்கு; வெளிநாட்டுக்காரி நான் ஒரு எறும்பைக்கூட எடுக்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைகளைக் கட்டிக்கொண்டு வண்டு தேடினேன்.

முறை எளிது. காய்ந்த கிளைக்கு அடியில் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, கிளையைக் கம்பால் தட்ட வேண்டும். இருப்பவை குடைக்குள் விழும். கூன்வண்டு ஆபத்து என்றால் காலை மடக்கிச் செத்ததுபோல விழுந்துவிடும். குடை கொஞ்சம் தள்ளியிருந்தால் சருகுக்குள் போய்விடும், பிறகு கிடைக்காது. தோட்டக் காவலாளி இசக்கி தட்டினார், பாத்திமா குடை பிடித்தாள், நான் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்தேன். எறும்பு, சிலந்தி, மரவட்டை. ஒரு வெள்ளைப் பொட்டு குடையின் விளிம்பில் பட்டுத் தெறித்து வெளியே போனதை நான் பார்த்தேன். என்னை அறியாமல் என் கை நீண்டது.

"அக்கா" என்றாள் பாத்திமா. கையை இழுத்துக்கொண்டேன்.

சாரல் மழையாகிக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று இசக்கி சொன்னார். பாத்திமா கேட்கவில்லை. இன்னொரு கிளை, இன்னொன்று. பிறகு குடையின் நடுவில், துணி மடிப்பில், காலை மடக்கிக்கொண்டு ஒன்று கிடந்தது. பாத்திமா கைக்கண்ணாடியை என்னிடம் தந்தாள். அதைத் தொடத் தடையில்லை. தும்பிக்கை குட்டையாக இருந்தது, மீசை நுனிக்குப் பக்கத்தில் முளைத்திருந்தது. பெண்ணுக்கு அது பின்னால் தள்ளியிருக்கும்.

"ஆண்" என்றேன்.

அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடும்போது கீழே அருவிப் பக்கம் சைரன் கேட்டது. குளிப்பவர்களை வெளியேற்றுகிறார்கள் என்றார் இசக்கி. நாங்கள் காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டி வந்த ஓடை, திரும்பி வரும்போது செந்தண்ணீராக இடுப்பளவு ஓடியது. மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. பாத்திமா குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தாள். அவளுடைய மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவனைப் பற்றி அவள் அதுவரை கவலையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது, "எங்க உம்மா வீட்டுக்குப் போயிருவான். போயிருவான்லா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும். "போயிருவான்" என்றேன்.

தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். இசக்கி கறுப்புக் காப்பி போட்டுத் தந்தார். போனில் சிக்னல் இல்லை. கூரையில் மழை விழும் சத்தத்தில் மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசி, பிறகு பேசுவதை விட்டோம். வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் முழங்கால்வரை இறங்கியது. இசக்கி அக்கரைக்குப் போய் மரத்தில் கயிறு கட்டினார். நான் பாதி வழியில் வழுக்கி உட்கார்ந்தேன். பாத்திமா என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள், மற்றக் கை நெஞ்சில் குப்பியை அமுக்கியபடி. ரோட்டுக்கு வந்ததும் அவள் போன் ஒலித்தது. பையன் பேசினான், சாப்பிட்டுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, சிரித்தாளா அழுதாளா என்று மழையில் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ஆய்வகம். காரக் கரைசலில் இளக வைத்த வண்டைப் பாத்திமா பின்பக்கமாகப் பிரித்தாள். நான் தொடக் கூடாது என்றில்லை, கல்லூரிக்குள் தொடலாம். ஆனால் வேலையை அவளிடமே விட்டேன். அவள் ஊசியால் உள்ளுறுப்பை வெளியே இழுத்து, ஒரு சொட்டு கிளிசரினில் போட்டாள். முதலில் அவள் பார்த்தாள். பிறகு எழுந்து எனக்கு இடம் தந்தாள்.

நுனி கூர்ந்திருந்தது. இடப்பக்கம் ஒரு கொக்கி.

அங்கும் ஒன்று இருந்தால் வேறு இனம் என்று வலப்பக்கம் தேடினேன். கண்ணாடியைத் திருப்பினேன், விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன். டிலினி கையால் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். வளைவுக்கு வளைவு அதே. அந்தப் படத்தை வரைய அவள் எத்தனை தாளைக் கிழித்துப் போட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுதானாக்கா?"

"ஒண்டுதான்."

பாத்திமா என் தோளில் கை வைத்தாள். அவளுக்கு இதில் நட்டமில்லை, அவளுடைய வண்டு பழைய பெயரோடு உறுதியாகிவிட்டது. ஆனால் அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "டீ சொல்லட்டுமா?" என்றாள்.

டீ வருவதற்குள் டிலினி கூப்பிட்டாள். போன் மேசையில் அதிர்ந்து நகர்ந்தது. ருவனின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் பார்க்கவில்லை, மழை, வண்டு கிடைக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. எடுத்தேன்.

"பார்த்தாயா?" என்றாள் சிங்களத்தில். முன்னுரை கிடையாது.

"உனக்கு உடம்பு எப்படி?"

"சுகந்தி. பார்த்தாயா?"

"பார்த்தேன். கொக்கி இருக்கிறது. இடப்பக்கம்."

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் எடுக்கவில்லை. ருவனும் எடுக்கவில்லை. சாயங்காலம் முழுக்க, சாப்பிடும்போது, பெட்டி அடுக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வண்டுக்காகச் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. பொய் சொல்லியிருந்தால் மட்டும் நிம்மதியாக இருந்திருப்பேனா என்றும் தோன்றியது. விடிந்தும் செய்தி இல்லை.

அன்றைக்கு எனக்கு ரயில். பாத்திமா சீக்கிரமே வந்து, "அருவி தெறந்துட்டாங்க. குற்றாலம் வந்துட்டுக் குளிக்காம போனா ஊருல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று வண்டியைப் பேரருவிக்கு விட்டாள். எனக்கு அந்த மனநிலை இல்லை. அவள் என் போனையும் கைப்பையையும் பறித்துக்கொண்டு, பெண்கள் பக்கம் என்னைத் தள்ளிவிட்டாள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் முதலில் வலித்தது. யாரோ அடிப்பதுபோல. பக்கத்தில் ஒரு பெரியம்மா, "ஏட்டி, கம்பியப் பிடிச்சுக்கோ, இல்லன்னா இழுத்துட்டுப் போயிரும்" என்று என் கையை எடுத்துக் கம்பியில் வைத்தாள். பிடித்துக்கொண்டேன். சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எதையும் நினைக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, உடுப்பைப் பிழிந்துகொண்டு வெளியே வந்தேன்.

பாத்திமா படிக்கட்டில் நின்று என் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்து, கையை ஆட்டி ஆட்டி. என்னைக் கண்டதும் போனை நீட்டினாள். "டிலினி அக்கா. அப்பலருந்து பேசிக்கிட்டிருக்கோம்."

ஈரக் கையால் வாங்கினேன். "டிலினி, உனக்கு..."

"தூங்கிவிட்டேன். இந்த மாதத்தில் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். இனிக் காத்திருக்க எதுவும் இல்லையல்லவா. போனை ருவன் ஒளித்துவைத்துவிட்டார், இப்போதுதான் சண்டை போட்டு வாங்கினேன். அழுத்தம் கூடவில்லை, பயப்படாதே." பிறகு குரல் மாறியது. "சிறகைப் பார்த்தீர்களா?"

"என்ன சிறகு?"

"நம்முடையதற்குப் பறக்கும் சிறகே இல்லை. மேலோடு ஒட்டியிருக்கிறது. அவர்களுடையதற்கு?"

நாங்கள் பார்க்கவில்லை. வண்டைப் பின்பக்கமாகப் பிரித்தோம், கொக்கியைக் கண்டோம், அதோடு எனக்கு வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை. பாத்திமாவைக் கேட்டேன். அவளும் பார்க்கவில்லை என்றாள்.

"போய்ப் பாருங்கள்" என்றாள் டிலினி. "நான் இருக்கிறேன்."

அந்த ரயிலில் நான் ஏறவில்லை. ஈர உடுப்போடு ஸ்கூட்டரில் கல்லூரிக்குத் திரும்பினோம். இந்தத் தடவை மெதுவாகப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. பாத்திமா வண்டைத் தட்டில் வைத்து, மேலோட்டின் நடுக்கோட்டில் ஊசி நுனியை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. இரண்டு பாதியும் ஒரே ஓடாக இணைந்திருந்தன. ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தோம். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியின் மேல் போனைப் பிடித்து டிலினிக்குக் காட்டினேன்.

"பறக்காது" என்றாள் அவள், மெல்ல. "நீந்தாது. அப்படியென்றால் கடலை எப்படித் தாண்டியது? இல்லை, அது நின்ற இடத்தில் நிற்க, கடல்தான் பிறகு நடுவில் வந்ததா?"

பாத்திமா என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லுதாங்க?"

தமிழில் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கி வண்டை மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்ப இந்தக் கட்டுரைய மூணு பேருமாச் சேந்து முதல்லருந்து எழுதணும்க்கா" என்றாள். "அதுக்கு முன்னால தலையத் துவட்டுங்க. மைக்ராஸ்கோப்புல சொட்டுது."